கடல் கடந்த சிவராத்திரி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது, "அமெரிக்காவில் முன்னேறுவது எப்படி என்று பேசுங்கள்" என்றார்கள். அதைச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்று செயலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான் பேச்சு. மாசி மாதத்துச் சிவராத்திரி. கலிஃபோர்னியாவில் முப்பது வருஷத்துக்கு மேலாக, முதலில் ஒரு கார் ஷெட்டிலும் பிறகு கோயிலிலும், மறுபடி கார் ஷெட்டிலுமாக அதைக் கண்விழித்துக் கொண்டாடி வருகிறோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெளிநாடு போகப்போகிற மாணவர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

நம் விடுதியில் சிவராத்திரி எப்படி நடந்தது என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தியேட்டரில் விடிய விடிய இரண்டு படம் போடுவார்கள். ஒரு டிக்கெட்டில் புராணப் படம், அதைத் தொடர்ந்து ஒரு சண்டைப் படம். வார்டன் அன்றைக்கு மட்டும் கேட்டைப் பூட்டமாட்டார். "சாமி காரியம்தானே" என்று விட்டுவிடுவார். புராணப் படத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவோம், சண்டைப் படத்துக்கு எழுந்துகொள்வோம். ஆக, கண்விழிப்பு என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த பொருள் அவ்வளவுதான்.

அமெரிக்கா போன பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. மற்ற பண்டிகைகளை எல்லாம் நாம் நகர்த்திவிடுகிறோம். பொங்கல் எந்தக் கிழமை வந்தாலும் சங்கத்தில் சனிக்கிழமைதான் பொங்குவோம். தீபாவளியும் சனிக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டு சில வருஷம் மே மாதம் வரைக்கும் தள்ளிப் போயிருக்கிறது, ஹால் கிடைக்கவில்லை என்று. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பத்து மைல், நாற்பது மைல் தள்ளித் தள்ளி இருக்கிறவர்கள் கூடவேண்டும் என்றால் லீவு நாளில்தான் கூட முடியும். ஆனால் சிவராத்திரியை நகர்த்தினால் என்ன மிஞ்சும்? பொங்கலில் பானை இருக்கிறது, தீபாவளியில் பலகாரம் இருக்கிறது. சிவராத்திரியில் இருப்பது ஒரு ராத்திரி மட்டும்தான்.

இதை ஒரு வருஷம் கண்ணாலேயே பார்த்தோம். தொண்ணூறுகளின் நடுவில், சிவராத்திரி வாரத்தின் நடுவில் வந்தது. கமிட்டி கூடிப் பேசியது. "மறுநாள் ஆபீஸ் இருக்கு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கு, சனிக்கிழமை வெச்சுக்கலாம்" என்று தீர்மானம் ஆயிற்று. நான் வேண்டாம் என்றேன். எனக்கு ஒரு ஓட்டுத்தானே. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, பள்ளிக்கூட ஹாலில் மைக் வைத்து, பிள்ளைகள் நடனம் ஆடி, சிறப்புச் சொற்பொழிவு நடந்து, சாம்பார் சாதம் தயிர் சாதத்தோடு பதினொரு மணிக்கு எல்லாம் நன்றாகவே முடிந்தது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவரின் அம்மா, ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தவர், ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, "ஏந்தம்பி, இதெல்லாம் நல்லாத்தேன் இருந்துச்சு. ராத்திரி எப்ப?" என்றார்.

நாற்காலி மடக்குகிற எவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்த அம்மா உசிலம்பட்டிப் பக்கம். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவார்கள். கார் ஓட்டத் தெரியாது, வெளியே நடந்தால் பேச ஆள் கிடையாது. பகலெல்லாம் அந்த வீட்டின் நாலு சுவர்தான். மாசி பிறந்ததிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "எங்கூர்ல சிவராத்திரின்னா சிவன் கோயிலுக்கு யாரு போறா? கொலசாமி கோயிலுக்குத்தேன். எங்கிட்டு இருந்தாலும் பங்காளி அத்தன பேரும் வந்துருவாங்க. பெட்டி எடுத்து வருவாங்க. அந்த ராத்திரி வராதவன வருசம் பூராக் கேப்பாங்க, ஏன் வல்லேன்னு" என்று சொன்னார்.

மதுரைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அங்கே மாசிச் சிவராத்திரி என்பது குலதெய்வத்தின் நாள். சாமியின் நகையும் பூசைப் பொருளும் வைத்த பெட்டியை ஊருக்குள்ளிருந்து கோயிலுக்குச் சுமந்துபோவார்கள். சென்னையிலும் பம்பாயிலும் வேலை பார்ப்பவர்கள்கூட அதற்கு வந்து சேருவார்கள். சங்கக் கமிட்டியில் தஞ்சாவூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் அதிகம். எங்களுக்கெல்லாம் இது புதுச் செய்தி.

அடுத்த வருஷத்திலிருந்து சங்கம் சங்கத்தின் வழியில் சனிக்கிழமை விழா நடத்தட்டும், ராத்திரியை நாம் தனியாக வைத்துக்கொள்வோம் என்று ஏழெட்டுக் குடும்பங்கள் முடிவு செய்தோம். எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் காரை வெளியே விட்டுவிட்டு ஜமுக்காளம் விரித்தோம். மூலையில் ஒரு மின்சார ஹீட்டர். ஒரு மணைமேல் சிறிய லிங்கம். பிளாஸ்டிக் கேனில் ஒரு காலன் பால்.

கோயிலுக்குப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம். நியூயார்க் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1977-ல். எங்கள் பக்கம் லிவர்மோரில் சிவா விஷ்ணு கோயில் வந்தது 1986-ல். அதற்கு முன்னால் போனவர்களுக்குச் சமையலறை அலமாரிதான் கோயில். கோயில் வந்த பிறகும் எங்களில் பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டிய தூரம். கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் ஒரு கால பூஜை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மிச்ச ராத்திரியை ஷெட்டில் உட்கார்ந்து கழித்த வருஷங்களும் உண்டு.

அந்த ஷெட்டில்தான் எத்தனை சிவராத்திரி இருக்கிறது என்று தெரிந்தது. கும்பகோணத்துக்காரர் நான்கு காலம் பற்றிச் சொல்வார். சூரியன் மறைவதிலிருந்து உதிப்பது வரைக்கும் உள்ள நேரத்தை நாலாகப் பங்கு போட்டு, ஒவ்வொரு யாமத்துக்கும் ஓர் அபிஷேகம், ஓர் அலங்காரம். மூன்றாம் காலத்தில், நள்ளிரவையொட்டி, கருவறைப் பின்சுவரில் மேற்கே பார்த்து இருக்கிற லிங்கோத்பவருக்கு விசேஷம். மற்ற நாளில் பிரகாரம் சுற்றுகிறவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற இடம். அந்த ஒரு ராத்திரி மட்டும் அங்கே கூட்டம் நெரியும் என்பார்.

நாகர்கோவில்காரர் சிரிப்பார். "நீங்க உக்காந்து முழிப்பீங்க. நாங்க ஓடிக்கிட்டே முழிப்போம்" என்பார். குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டம். திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு சிவன் கோயில்கள். காவி உடுத்தி, கையில் பனையோலை விசிறியோடு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். போவது சிவன் கோயிலுக்கு, வாயில் சொல்லிக்கொண்டு போவது "கோவிந்தா, கோபாலா". இது ஏன் என்பதற்குப் பீமனையும் புருஷாமிருகத்தையும் வைத்து ஒரு நீளமான கதை உண்டு. அவர் அதை ஆரம்பித்தால் இரண்டாம் யாமம் முடிந்துவிடும். ஒரு வருஷம் அவர் எங்கள் பின்தோட்டத்தைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினார். பிள்ளைகள் பின்னால் ஓடின. பக்கத்து வீட்டில் தூங்குகிறார்களே என்று "கோவிந்தா, கோபாலா"வை எல்லாரும் ரகசியக் குரலில் சொன்னார்கள். குமரி மாவட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். எண்பத்து மூன்றுக்குப் பிறகு வந்தவர். எங்களைவிட மூத்தவர், அண்ணை என்றே எல்லாரும் கூப்பிடுவோம். மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரத்தைப் பற்றிச் சொல்வார். "பாலாவியிலை தண்ணி மொண்டு கொண்டுபோய், நாங்களே எங்கடை கையாலை லிங்கத்துக்கு வார்க்கலாம். ஐயர்மார்தான் வார்க்கவேணும் எண்டில்லை" என்பார். போர்க்காலத்தில் பல வருஷம் அங்கே யாரும் போக முடியாமல் கிடந்தது. அந்த வருஷங்களில் அவர் எங்கள் ஷெட்டில் தானே ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துவந்து லிங்கத்தின் மேல் ஊற்றுவார். சமையலறைக் குழாய்த் தண்ணீர்தான். நாங்கள் யாரும் பேசமாட்டோம்.

விடுதியில் நாலு வருஷம் ஒரே வராந்தாவில் இருந்தோம். உசிலம்பட்டியும் நாகர்கோவிலும் அங்கேயும் இருந்தன. உன் வீட்டில் சிவராத்திரிக்கு என்ன செய்வீர்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதாக நினைவில்லை. எட்டாயிரம் மைல் தள்ளிப்போய்க் கேட்டுக்கொண்டோம்.

இனி, கணக்கு விஷயம். நான் பொறியியல் படித்தவன், எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள கோணக் கணக்கு. அது தொடங்குகிற கணமும் முடிகிற கணமும் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் ராத்திரி ஊருக்கு ஊர் வேறு. தேய்பிறைச் சதுர்த்தசி எந்த நாளின் நள்ளிரவில் நிற்கிறதோ அந்த ராத்திரிதான் சிவராத்திரி என்பது பொது விதி. யாருடைய நள்ளிரவு? நீங்கள் இருக்கும் ஊரின் நள்ளிரவு. சென்னைக் காலண்டரைக் கொண்டுபோய் சான் ஓசேயில் மாட்டினால் சில வருஷம் சரியாக வரும், சில வருஷம் வராது.

2025-ஐப் பாருங்கள். திருக்கணிதப்படி இந்திய நேரம் பிப்ரவரி 26 காலை 11.08-க்குச் சதுர்த்தசி தொடங்கி, 27 காலை 8.54-க்கு முடிந்தது. சென்னையில் 26-ஆம் தேதி ராத்திரி, சந்தேகமே இல்லை. எங்களுக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கழிக்கவேண்டும். பிப்ரவரி 25 செவ்வாய் இரவு 9.38-க்குத் தொடங்கி, 26 புதன் இரவு 7.24-க்கு முடிந்துவிடுகிறது. புதன்கிழமை நள்ளிரவில் எங்கள் ஊரில் அமாவாசைத் திதி. ஆக எங்களுக்குச் சிவராத்திரி செவ்வாய். நியூயார்க்கில் இன்னும் சிக்கல். அவர்களுக்கு 26-ஆம் தேதி அதிகாலை 12.38-க்குத் தொடங்கி அன்று இரவே 10.24-க்கு முடிந்தது. இரண்டு நடு ராத்திரியிலும் சதுர்த்தசி அகப்படவில்லை. அந்த மாதிரி நேரத்தில் வேறு விதிக்குப் போகவேண்டும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கத்திலேயே பலர், "ஊர்ல இருபத்தாறுன்னு போட்டிருக்கு, டிவியிலயும் இருபத்தாறுதான்" என்று புதன்கிழமை விழித்திருந்தார்கள். சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் டிவியைப் பார்த்துச் சிவராத்திரி இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் மாலை ஆறேகால் என்றால் எங்களுக்கு அதிகாலை நாலே முக்கால். அங்கே நாலு காலமும் முடிந்து விடியும்போது இங்கே சாயங்காலம் ஐந்து. அதாவது கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் ஆபீஸ் வேலை, இன்னொரு பக்கம் லிங்கோத்பவர். பட்டப்பகலில் சிவராத்திரி! பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். அது அவர்களுடைய ராத்திரி என்று தெரிந்துகொண்டு பார்க்கவேண்டும்.

யாமக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். பிப்ரவரிக் கடைசியில் சென்னை ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சற்றே கூடுதல். எங்களுக்குப் பன்னிரண்டே முக்கால். லண்டனில் பதின்மூன்றைத் தாண்டும். மெல்போர்னில் அது கோடை, இரவு எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ராத்திரி பதினோரு மணி நேரம்தான். அதை நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் நான் ஒரே ஒரு தாளில் இதை எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்புவேன். தொண்ணூறுகளில் மெட்ராஸிலிருந்து தபாலில் பஞ்சாங்கம் வரவேண்டும், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்காருவேன். இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது, ஆனாலும் தாள் போகிறது.

அந்தத் தாளுக்கு ஒரு சோதனை வந்தது 2013-ல். இந்தியாவில் அந்த வருஷம் மார்ச் 10. எங்களுக்கு மார்ச் 9, சனிக்கிழமை இரவு. ஆகா, சனிக்கிழமை, கமிட்டிக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அது சரியாக அந்த ராத்திரி! மூன்றாம் யாமத்தில் ஒருவர் மணி பார்த்தபோது ஒன்று ஐம்பது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று பத்து. "சாமி ஒரு மணி நேரம் தள்ளுபடி குடுத்துட்டாருடா" என்று தூக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தே விட்டார். தள்ளுபடி எல்லாம் கிடையாது, யாமம் சூரியனைப் பார்த்து அளப்பது, கடிகாரத்தைப் பார்த்து அல்ல என்று நான் விளக்கினேன். விடிகாலை மூன்று மணிக்கு அந்த விளக்கத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

சில நடைமுறைகள். வில்வம் கொண்டுவரலாமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வில்வமும் கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மரங்களுக்கு நோய் பரவும் என்று அமெரிக்க விமான நிலையத்தில் பச்சை இலையை எடுத்துப் போட்டுவிடுவார்கள். மறைத்துக் கொண்டுபோகாதீர்கள், அபராதம் கட்டவேண்டி வரும். நாங்கள் பல வருஷம் வில்வம் இல்லாமல், தோட்டத்தில் இருந்த பச்சிலையை வைத்தே நடத்தினோம். இப்போது அங்கேயே வில்வக் கன்று வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மாணவர் விடுதி அறையில் கற்பூரம் ஏற்றவே கூடாது. கூரையில் புகையை மோப்பம் பிடிக்கிற கருவி இருக்கும். அது கத்தினால் மொத்தக் கட்டடமும் பனியில் வெளியே வந்து நிற்கவேண்டும், தீயணைப்பு வண்டி வரும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் விஷயத்தில் வந்தது. முந்நூறு பேர் அரைத் தூக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்களாம். "எல்லாரையும் கண்முழிக்க வெச்ச புண்ணியம் உனக்குத்தான்" என்று சொல்லி அவனைத் தேற்றினோம்.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்கவேண்டாம். விடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டவும் வேண்டாம். எங்கள் வீட்டில் எட்டு மணி வரைக்கும் ஜமுக்காளத்திலேயே படுத்துவிட்டுப் போகலாம் என்பது சட்டம். ஆபீசுக்கு அரை நாள் லீவு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலங்கையிலும் நேபாளத்திலும் மொரிஷியசிலும் இது அரசாங்க விடுமுறை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ராத்திரி முழுக்க என்ன செய்வது? திருவாசகம் 658 பாடல்கள். நிதானமாக முழுவதும் ஓதினால் ராத்திரியின் பெரும்பகுதி போய்விடும். எங்களில் பாதிப் பேருக்கு ராகம் வராது, அதனால் வாசிப்போம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராத காலத்தில் சிவபுராணத்தை மட்டும் ஆளுக்குப் பத்து வரியாகப் பிரித்து மனப்பாடம் செய்யவைத்தோம்.

தூக்கம் வருவது நீங்கள் நினைப்பதுபோல் நடு ராத்திரியில் இல்லை. லிங்கோத்பவம் வரைக்கும் ஓர் உற்சாகம் தாங்கும். மூன்றரை, நாலு மணிக்குத்தான் ஆளை அடித்துப் போடும். பிள்ளைகள் சுருண்டுவிடும், வாசிப்பு நின்றுவிடும். ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் விழித்திருக்க ஒரே வழி பேசுவது. நான் முப்பது வருஷத்தில் கேட்ட உண்மையான பேச்செல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டதுதான். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அப்பாவின் காரியத்துக்குப் போக முடியாமல் போனதை ஒருவர் சொன்னார். எங்களோடு பத்து வருஷம் பழகியவர், அதுவரைக்கும் வாய் திறந்ததில்லை. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி செய்கிற ஒரு நர்ஸ் அம்மா சொன்னார், "எனக்கு வாரத்துல நாலு நாள் சிவராத்திரிதான். ஆனா அங்க முழிச்சிருக்கறது நான் ஒருத்திதான். இங்க எங்கூட பத்துப் பேர் முழிச்சிருக்கீங்க" என்று.

அந்த உசிலம்பட்டி அம்மா மறு வருஷமும் விசா வாங்கி வந்தார். மாசியை ஒட்டித்தான் டிக்கெட் போடவேண்டும் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். எங்கள் ஷெட்டில் விடிய விடிய உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான், சாயவே இல்லை. தன் குலசாமிக்கு என்று தனியாக ஒரு தேங்காயை ஓரத்தில் வைத்துக்கொள்வார். யாராவது கண்ணயர்ந்தால், "எந்திரிப்பா, வந்துட்டுத் தூங்குனா வராததுக்குச் சமானம்" என்று தட்டி எழுப்புவார். இப்போது அவர் இல்லை. தட்டி எழுப்புகிற வேலையை அவருடைய பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வேடன் கதை எல்லாருக்கும் தெரியும். காட்டில் இருட்டிப்போய், புலிக்குப் பயந்து மரத்தில் ஏறி, தூங்கி விழாமல் இருக்க ராத்திரி முழுக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டவன். அது வில்வ மரம், கீழே லிங்கம். சின்ன வயதில் கேட்டபோது இலைதான் கதையின் முக்கியமான இடம் என்று நினைத்திருந்தேன். ஷெட்டில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதுதான் வேறு ஒன்று கண்ணில் பட்டது. அவன் கோயிலுக்குப் போனவன் இல்லை. நாளும் கிழமையும் பார்த்தவனும் இல்லை. பிழைப்புக்காக வெளியே போனவன், அன்றைக்கு வீடு திரும்ப முடியவில்லை. அதற்குமேல் நான் வியாக்கியானம் செய்யவில்லை. ஷெட்டில் இருந்த பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

2021-ல் கொரோனா. கோயிலுக்குள் போக முடியாது, ஷெட்டிலும் கூட முடியாது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக்கொண்டு இருந்தோம். தூக்கம் வந்தவர்கள் நைசாகக் கேமராவை அணைத்துவிட்டார்கள். அந்த வருஷம் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்த வீடுகள் மூன்றுதான். தனியாக விழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால்தான் மாணவர்களுக்குச் சொல்கிறேன், போகிற ஊரில் இன்னொரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, அவர் வீட்டில் சிவராத்திரிக்கு என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். தாள் வேண்டும் என்றால் ஊர் பெயரை எழுதி அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன்.

என் மகள் இப்போது மெல்போர்னில் வேலை பார்க்கிறாள். அந்த 2025-ல் அவளுக்கும் ஒரு தாள் அனுப்பியிருந்தேன். அவளுக்கு 26-ஆம் தேதி ராத்திரி, எங்களுக்கு 25. எங்களுக்குப் புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சூரியன் எழுந்தது. ஷெட்டுக் கதவைத் தூக்கிவிட்டோம், வெளிச்சம் உள்ளே வந்தது. உள்ளே உப்புமாவுக்குத் தாளிக்கிற சத்தம். அப்போது போன் வந்தது.

"அப்பா, முடிச்சாச்சா?"

"இப்பத்தாம்மா. அங்க மணி என்ன?"

"ஒண்ணே முக்கால். லிங்கோத்பவம் ஓடிட்டிருக்கு. பாட்டி வீட்ல?"

சென்னையில் அப்போது இரவு எட்டேகால், முதல் யாமம். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள் என்றேன். மூன்று ஊருக்கும் அந்த நிமிஷத்தில் அதே சதுர்த்தசிதான்.

"யாரு கூட இருக்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்ப்பா. ஒருத்தி திருநெல்வேலி. இன்னொருத்தி நேபாளம், அவளுக்குப் பசுபதிநாத் கதை நிறையத் தெரியுது. சரி, வெச்சிடறேன், எங்களுக்கு இன்னும் பாதி ராத்திரி இருக்கு."